பல வருடம் ஓடாமல் நின்ற பழைய கார்: எடுப்பது, எழுப்புவது, மாற்றலாமா என்று முடிவு செய்வது

ஷெட்டில் இருபது, முப்பது வருடம் அசையாமல் நின்ற ஒரு காரைக் கண்டுபிடித்தவுடன் மனம் உடனே படம் வரைய ஆரம்பித்துவிடும். புது இன்ஜின், அகல டயர், தாழ்த்திய பாடி, வேறு கலர். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் புதிதாக வருபவர்கள் பணத்தையும் காரையும் இழப்பது பெரும்பாலும் வேலையின் வரிசை மாறிப்போவதால்தான். நின்றுபோன கார் தன் உண்மையான நிலையைக் காட்டச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் கட்டரை எடுத்தால், பிறகு திரும்ப வழியில்லை. அதனால் இங்கே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் ஒரே கணக்கில் அமைந்தது: மாற்றிக்கொள்ளக்கூடிய வேலை முதலில், மாற்ற முடியாத வேலை கடைசியில்.

தேடுவது

நல்ல கார்கள் விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே கைமாறிவிடும். ஆகவே விளம்பரம் பார்ப்பதைவிட ஆட்களைக் கேட்பது பலன் தரும். வயதான மெக்கானிக்குகள், பெயின்டர்கள், ரேடியேட்டர் வேலை செய்பவர்கள், பழைய பொருள் வாங்குபவர்கள், வீடு காலி செய்து கொடுப்பவர்கள், குறிப்பிட்ட மாடலுக்கென்று இருக்கும் கிளப்புகள்: இவர்களிடம் நீங்கள் தேடும் மாடலின் பெயரைச் சொல்லி வையுங்கள். "ஏதாவது பழைய கார் இருந்தால் சொல்லுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் நினைவில் நிற்காது.

அனுமதி இல்லாமல் அடுத்தவர் இடத்துக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். உரிமையாளரிடம் பேசும்போது விலையில் ஆரம்பிக்கவும் வேண்டாம். அந்தக் காரை ஓட்டியவர் இறந்துபோன அப்பாவாகவோ கணவராகவோ இருக்கலாம். கார் ஏன் நின்றது என்று கேளுங்கள். விலையை முடிவு செய்ய உதவும் ஒரே கேள்வி இதுதான். "ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினோம்" என்பதற்கும் "சூடாகி நின்றுபோனது, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டோம்" என்பதற்கும் நடுவில் ஒரு முழு இன்ஜின் வேலை இருக்கிறது.

மூடி வைத்த கார் என்றாலே நன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். 1957-ல் அமெரிக்காவின் துல்சா நகரில் ஒரு புத்தம் புது பிளிமத் பெல்வடேர் காரை, 50 வருடம் கழித்து எடுப்பதற்காக கான்கிரீட் அறைக்குள் வைத்துப் புதைத்தார்கள். 2007-ல் திறந்தபோது அறைக்குள் தண்ணீர் புகுந்து, கார் துருவும் சேறுமாக இருந்தது. ஈரம் வெளியேற வழியில்லாத இடம் காற்றோட்டமான திறந்த கொட்டகையைவிட மோசம். மண் தரை, பிளாஸ்டிக் உறை, ஒழுகும் கூரை ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் நின்ற காரை அடியிலிருந்து பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

காகிதம் முதலில்

பதிவுச் சான்றில் உள்ள சேசிஸ் நம்பரும் காரில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றா என்று நீங்களே பார்த்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 17 இலக்க அடையாள எண் அமெரிக்காவில் 1981 மாடல் வருடத்திலிருந்துதான் கட்டாயமானது. அதற்கு முந்தைய கார்களில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். எனவே உங்கள் மாடலுக்கு நம்பர் எங்கே அடிக்கப்பட்டிருக்கும், எத்தனை இலக்கம் என்பதைப் போகும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சேசிஸ் நம்பர் தகட்டின் ரிவிட் புதிதாகத் தெரிந்தாலோ, சுற்றிலும் தேய்த்த தடம் இருந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இன்ஜின் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள். பிளாக்கில் வார்ப்பிலேயே மேடாக வந்திருக்கும் எண் அந்த வகை வார்ப்புக்கு உரியது. தட்டிப் பதித்த எண்தான் அந்த ஒரு இன்ஜினுக்கு உரியது. இரண்டையும் குழப்பிக்கொண்டு "ஒரிஜினல் இன்ஜின்" என்று விற்பவர்கள் உண்டு.

உரிமையாளர் இறந்துவிட்டிருந்தால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டியிருக்கலாம். பழைய கடன் பாக்கி இருக்கிறதா, திருட்டுப் புகார் இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். இவை தீராமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

காரைத் தொழிற்சாலை எந்தக் கலரில், எந்த இன்ஜினோடு அனுப்பியது என்பதைப் பல நேரம் உறுதி செய்ய முடியும். எம்.ஜி., ஆஸ்டின், மோரிஸ் போன்ற பிரிட்டிஷ் கார்களுக்கு பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தன் ஆவணங்களைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. 1967 முதலான அமெரிக்க ஃபோர்டு கார்களுக்கு, அவற்றின் தயாரிப்பு விவரங்களைச் சொல்லும் மார்ட்டி அறிக்கை கிடைக்கும். பல அமெரிக்கக் கார்களில் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் பயன்படுத்திய பில்டு ஷீட் என்ற தாள் சீட் ஸ்பிரிங்கிற்குள்ளோ, கார்ப்பெட்டின் அடியிலோ, பெட்ரோல் டேங்கின் தலையிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். மக்கிப்போன சீட்டைக் குப்பையில் போடும் முன் பிரித்துப் பாருங்கள். காரை மாற்றலாமா கூடாதா என்ற கேள்விக்கு அந்த ஒரு தாளே பதிலாக அமைந்துவிடலாம்.

துருவைப் பார்ப்பது

எடுத்துப்போக வேண்டியவை: நல்ல டார்ச், சின்ன காந்தம், மெல்லிய துணி, ஸ்க்ரூடிரைவர், கையுறை, மாஸ்க், தரையில் விரிக்க ஒரு தார்ப்பாய். பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

காந்தத்தைத் துணியில் சுற்றி பாடியின் கீழ்ப்பகுதி முழுவதும் வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது, அல்லது அங்கே தகடே இல்லை. மீட்டர் இருந்தால் தொழிற்சாலை பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் காட்டும். 200, 300 என்றால் மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி.

வெளியே தெரியும் ஓட்டை பெரிய செலவு வைக்காது. தாங்கும் இடத்துத் துருதான் கையைக் கடிக்கும். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில், முன் கதவு கீல் பிடிக்கும் தூணின் அடி, முன் கண்ணாடிக்குக் கீழே காற்று புகும் பெட்டி, பின் ஸ்பிரிங் மாட்டும் தாங்கி, ஜாக்கி வைக்கும் இடம், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளம், பேட்டரி தட்டின் அடி. இந்த இடங்களை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்த தகடு பொத்தென்று இறங்கும். முன் கார்ப்பெட் நனைந்திருந்தால் கதவு பீடிங்கைக் குறை சொல்லும் முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள பெட்டியைச் சந்தேகப்படுங்கள். அங்கே இலை தழை அடைத்துத் தண்ணீர் தேங்கி, உள்ளிருந்தே அரித்திருக்கும். அதைச் சரிசெய்ய டேஷ்போர்டு வரை கழற்ற வேண்டிவரும்.

தனி சேசிஸ் மேல் பாடி உட்காரும் காரில் சில் போனாலும் கார் நிற்கும். சேசிஸ் இல்லாமல் பாடியே எலும்பாக இருக்கும் காரில் சில்தான் முதுகெலும்பு. அந்த வகைக் காரில் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவின் மேல் இடைவெளி முன்புறம் ஒரு அளவும் பின்புறம் வேறு அளவுமாக இருந்தால், அல்லது தூக்கி மூட வேண்டியிருந்தால், முதலில் கீல் பின்னைப் பாருங்கள். கீல் இறுக்கமாக இருந்தும் இடைவெளி கோணலாக இருந்தால் நடுப்பகுதி தொய்ந்திருக்கிறது என்று பொருள்.

இன்ஜின் பாகம் எப்படியும் கிடைத்துவிடும். கிடைக்காதவை கண்ணாடி, க்ரோம் பட்டைகள், கதவு உள்புறப் பேனல்கள், விளக்கு வளையங்கள், டேஷ் கருவிகள். அதனால் இரண்டு கார்கள் முன்னால் இருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், இன்ஜின் ஓடும் அரைகுறைக் காரைவிட இன்ஜின் ஓடாத முழுமையான காரை எடுங்கள். காரைச் சுற்றியுள்ள அலமாரிகள், டப்பாக்கள், பரண் எல்லாவற்றையும் பார்க்கக் கேளுங்கள். கழற்றி வைத்த பாகம் பெரும்பாலும் அதே ஷெட்டில்தான் இருக்கும்.

நகர்த்துவது

கை வைக்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். எந்த வயர் எங்கே போகிறது, எந்த ஸ்க்ரூ எங்கே இருந்தது என்று இரண்டு வருடம் கழித்துத் தேடும்போது இந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

எலிக் கூடும் எச்சமும் இருந்தால் உலர்ந்த நிலையில் பெருக்கவோ ஊதவோ கூடாது. அந்தத் தூசியால் ஹான்டா வைரஸ் போன்ற நோய் பரவ வாய்ப்புண்டு. மாஸ்க் போட்டு, கிருமிநாசினி தெளித்து ஊறவிட்டு, ஈரத்துணியால் அள்ளுங்கள். பழைய பிரேக் ஷூவிலும் கேஸ்கட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பழைய பெயின்டிலும் பாடி இணைப்பிலும் ஈயம் இருக்கலாம். இவற்றையும் உலர்வாகத் தேய்க்கக் கூடாது.

ஹேண்ட் பிரேக் போட்டபடியே நின்ற காரில் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும். வின்ச் போட்டு இழுத்தால் லைனிங் பிய்ந்துவரும். டிரம்மின் பின்னால் இருக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றிலும் மரச் சுத்தியால் தட்டினால் பெரும்பாலும் விடுபடும். விடவில்லையென்றால் சக்கரத்தின் அடியில் உருளை மாட்டிய தள்ளுபலகை வைத்துக் காரை உருட்டுங்கள். இழுக்கும் சங்கிலியை பம்பரில் மாட்டாதீர்கள், பழைய டயரில் முழுக் காற்று அடிக்காதீர்கள். கொண்டுவந்த காரை உடனே தண்ணீர் அடித்துக் கழுவவும் வேண்டாம். பல வருடம் உலர்ந்து கிடந்த துருவும் மண்ணும் நனைந்தால், மடிப்புகளுக்குள் அரிப்பு மீண்டும் தொடங்கிவிடும்.

இன்ஜினை எழுப்புவது

பேட்டரி மாட்டி செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசையைக் கட்டுப்படுத்துவதுதான் இங்கே பாதி வேலை. பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும்போது செல்ஃப் மோட்டாரின் பலத்தால் சுற்றினால் ரிங் உடையும். வால்வு அதன் வழியிலேயே சிக்கியிருந்தால் அதைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளையும். கையால் சுற்றியிருந்தால் இரண்டும் தப்பியிருக்கும்.

முதலில் பிளக்குகளைச் சுற்றியுள்ள தூசியை ஊதிவிட்டு, துரு இளக்கி தெளித்து ஒரு இரவு விடுங்கள். பிறகு அரைச் சுற்று தளர்த்தி, திரும்ப இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிய கேமரா விட்டுப் பாருங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் செம்பழுப்புத் துரு இருந்தால், அதன் வால்வு திறந்த நிலையில் கார் நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் 10 முதல் 15 மில்லி மெல்லிய ஆயில் விடுங்கள். சிக்கியிருக்கும் இன்ஜினுக்கு ஏ.டி.எஃப். என்ற ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயிலும் அசிட்டோனும் சம அளவு கலந்து விடுவது பலரும் நம்பும் முறை. அது எளிதில் தீப்பிடிக்கும், பெயின்டையும் கரைக்கும். சிக்காத இன்ஜினுக்கு இரண்டு நாள் போதும். சிக்கியதற்கு ஒரு வாரம், இரண்டு வாரம்கூடக் காத்திருங்கள், இடையிடையே கொஞ்சம் ஊற்றுங்கள்.

அடுத்து கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் அரை அங்குல டிரைவ் உள்ள நீளமான கம்பி ஸ்பானரை மாட்டி, இன்ஜின் ஓடும் திசையில் மெதுவாக அழுத்துங்கள். ஒரு சில டிகிரி அசைந்தால் போதும், திரும்பக் கொண்டுவந்து மறுபடி அழுத்துங்கள். பைப் மாட்டி நீளத்தைக் கூட்டினால் போல்ட் முறியும். வால்வுகளை மூடியிருக்கும் டேப்பெட் கவரைக் கழற்றி வைத்துக்கொண்டு சுற்றுங்கள். ஒவ்வொரு வால்வும் கீழே இறங்கி, மறுபடி மேலே வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். இறங்கிய வால்வு மேலே வரவில்லை என்றால் சுற்றுவதை நிறுத்தி, தண்டில் துரு இளக்கி விட்டு மெதுவாகத் தட்டி விடுவியுங்கள்.

இன்ஜின் சுற்ற ஆரம்பித்த பிறகு பழைய ஆயிலை எடுங்கள். அடிப்பகுதி போல்ட்டை முழுவதும் கழற்றாமல் கொஞ்சமாகத் தளர்த்தினால் முதலில் வருவது தண்ணீரா ஆயிலா என்று தெரியும். ஆயிலைவிடத் தண்ணீர் கனமானது, அடியில்தான் தங்கும். சில துளி என்றால் காற்றிலிருந்து படிந்த ஈரம். கோப்பைக் கணக்கில் வந்தால் ஹெட் கேஸ்கட்டையோ பிளாக் விரிசலையோ தேட வேண்டும். உறைபனி விழும் ஊரில் வெறும் தண்ணீர் நிரப்பி நின்ற காராக இருந்தால் பிளாக்கின் பக்கவாட்டில் நீளவாக்கில் விரிசல் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம்.

புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, பிளக் மாட்டாமலே செல்ஃபில் பத்து வினாடி சுற்றி, நிறுத்தி, மறுபடி சுற்றுங்கள். ஆயில் பிரஷர் ஏறும் வரை இதைச் செய்யுங்கள். பழைய வகை கேம் ஷாஃப்டுக்கு ஜிங்க் சேர்ந்த, பழைய கார்களுக்கென்று விற்கும் ஆயில் தேவை. புதிய கார் ஆயில்களில் அது குறைவு.

இப்போது கம்ப்ரஷன் பாருங்கள். எல்லா பிளக்கையும் எடுத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று. எண்ணைவிட வித்தியாசம்தான் முக்கியம்: அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் நடுவில் பத்து முதல் பதினைந்து சதவீதம்வரை இருந்தால் சரி. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட். பல வருடம் நின்ற இன்ஜினில் ரிங் ஒட்டியிருந்து, ஓட ஓட விடுபடுவது உண்டு. எனவே இந்த முதல் எண்களை வைத்து இன்ஜினுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

டேங்கில் இருக்கும் பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும், பிசினாகியிருக்கும். எத்தனால் கலந்ததாக இருந்தால் தண்ணீரை இழுத்து அடியில் பிரிந்து கிடக்கும். அந்த டேங்கை இணைக்காமல் சுத்தமான சிறிய கேனிலிருந்து புது ஹோஸ் வழியாக முதல் ஸ்டார்ட்டுக்கு பெட்ரோல் கொடுங்கள். ஹோஸ் எத்தனால் தாங்கும் வகையாக இருக்கட்டும், பழைய ரப்பர் உள்ளிருந்து உதிர்ந்து ஜெட்டை அடைக்கும். கார்புரேட்டரைத் திறந்து ஃப்ளோட்டும் நீடில் வால்வும் சுதந்திரமாக அசைகிறதா என்று பாருங்கள். நீடில் சிக்கினால் பெட்ரோல் வழிந்து சூடான எக்சாஸ்ட் மேல் கொட்டும். தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். காலியான பழைய டேங்கை வெல்டிங் செய்ய ஒருபோதும் முயலாதீர்கள். வருடக் கணக்கில் காலியாக இருந்தாலும் மிச்ச ஆவி வெடிக்கும்.

முதல் ஓட்டம் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நிறுத்தி, ஒழுகலைப் பார்த்து, பிறகு ரேடியேட்டரை நிரப்பி நீண்ட நேரம் ஓடவிடுங்கள்.

கியர் பாக்ஸ், பின் ஆக்சில் ஆயில்களையும் மாற்ற வேண்டும். இங்கே ஒரு ஒழுங்கு: ஊற்றும் போல்ட் திறக்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் போல்ட்டைத் திறவுங்கள். வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் நின்ற கார்கள் ஏராளம்.

பிரேக், டயர், வயரிங்

பிரேக்கில் பழையது எதையும் நம்பக்கூடாது. டாட் 3, டாட் 4 திரவங்கள் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் வீல் சிலிண்டரின் உள்சுவரை அரித்திருக்கும். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். அப்போது பிரேக் பிடிக்கும், ஆனால் விடாது. எல்லா ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர்கள், மாஸ்டர் சிலிண்டர் கிட், துருப்பிடித்த குழாய் ஆகியவற்றை மொத்தமாக மாற்றுங்கள். சிலிக்கான் வகையான டாட் 5 திரவத்தை மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் 2000-க்கு முந்தையது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரில் ஓடாதீர்கள்.

வயரிங்கில் முதல் கேள்வி எத்தனை வோல்ட், எந்த முனை பாடியோடு இணைகிறது என்பதுதான். அமெரிக்கக் கார்கள் பெரும்பாலும் 1950-களின் நடுவில் 6 வோல்டிலிருந்து 12-க்கு மாறின. பல பிரிட்டிஷ் கார்களில் 1960-களில்கூட பாசிட்டிவ் முனைதான் பாடியில் இருந்தது. தெரியாமல் மாற்றி மாட்டினால் ஆல்டர்னேட்டர் டயோடுகள் ஒரு நொடியில் போய்விடும்.

முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் வயரில் 12 வோல்ட், 21 வாட் பிரேக் விளக்கு பல்பு ஒன்றை நடுவில் கோர்த்துவிடுங்கள். கதவுகளை மூடி, எல்லா சுவிட்சையும் அணைத்த நிலையில் பல்பு பிரகாசமாக எரிந்தால் எங்கோ வயர் பாடியைத் தொடுகிறது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள், எதை எடுத்தால் பல்பு அணைகிறதோ அந்த லைனைத் தேடுங்கள். பல்பு மின்சாரத்தைக் கட்டுப்படுத்துவதால் எதுவும் எரிந்துபோகாது.

ஆயிரம் கிலோமீட்டர் விதி

கார் ஓடுகிறது, நிற்கிறது, விளக்கு எரிகிறது. இப்போது எதையும் மாற்றாமல் குறைந்தது ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்கள். பழைய கார்களைப் பற்றி எழும் புகார்களில் பெரும்பகுதி அந்தக் காரின் வடிவமைப்பில் இருப்பதில்லை, தேய்மானத்தில் இருக்கிறது. ஸ்டீயரிங் அலைகிறது என்று ரேக் ஸ்டீயரிங் மாற்ற நினைப்பவர், முன் சக்கர மூட்டுகளான கிங் பின்னும் டிராக் ராடு முனைகளும் தேய்ந்திருப்பதைப் பார்ப்பதில்லை. இன்ஜின் சூடாகிறது என்று பெரிய ரேடியேட்டர் வாங்குபவரின் பிளாக்கில், கடைசி சிலிண்டரைச் சுற்றித் துருச்சேறு அடைத்துக் கிடக்கும். டிரம் பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது என்பவரின் ஷூவில் ஆக்சில் சீலிலிருந்து ஒழுகிய ஆயில் ஏறியிருக்கும். ஸ்டார்ட் ஆகவில்லை என்று எலக்ட்ரானிக் இக்னிஷன் வாங்கும் முன் இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கான்டாக்ட் பாயின்ட் இடைவெளியைக் கையேட்டின்படி வைத்துப் பாருங்கள்.

நோயாளிக் காரில் எடுக்கும் முடிவு நோய்க்கான முடிவாகத்தான் இருக்கும். ஒழுங்காக ஓடும் காரில் எது உண்மையிலேயே போதவில்லை என்பது தானாகத் தெரியும். அது பெரும்பாலும் நீங்கள் முதல் நாள் நினைத்ததைவிடச் சின்னப் பட்டியலாக இருக்கும்.

மாற்றலாமா

இதற்கு ஒரே பதில் இல்லை, ஆனால் காரே தரும் சாட்சியங்கள் உண்டு. தொழிற்சாலை பெயின்ட் பெரும்பகுதி மிஞ்சியிருக்கிறது, இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆவணத்தோடு பொருந்துகின்றன, உள்ளே சீட் துணி அந்தக் காலத்துடையது, அந்த மாடல் குறைவாகத் தயாரிக்கப்பட்டது: இவற்றில் இரண்டு, மூன்று சேர்ந்தால் வெட்டாதீர்கள். பெயின்ட்டைக்கூட உடனே அடிக்க வேண்டாம். மங்கிய பழைய பெயின்டை மென்மையான சோப்பால் கழுவி, மறைவான இடத்தில் பாலிஷ் போட்டுப் பாருங்கள். துணியில் கார் கலர் ஒட்டினால், மேலே தனி கிளியர் கோட் இல்லாத பழைய வகை பெயின்ட் அது, நன்றாகவே மீளும். உலகப் பழங்கார் கூட்டமைப்பான ஃபிவா, வரலாற்று வாகனம் என்பதற்கு 30 வருட வயதோடு வரலாற்றுக்குப் பொருந்திய நிலையில் காக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தீவிரமாக மாற்றிய கார் அந்த வட்டத்துக்கு வெளியே போய்விடும். பதிவு, பரிசோதனை, இன்சூரன்ஸ் சலுகைகளும் பல நாடுகளில் அதோடு சேர்ந்து போகும். வெல்டிங் மெஷினை இயக்கும் முன் உங்கள் ஊர் விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மறுபக்கம், இன்ஜின் எப்போதோ காணாமல் போனது, பாடியில் ஏற்கனவே வேறு காரின் பகுதிகள் ஒட்டப்பட்டிருக்கின்றன, லட்சக்கணக்கில் தயாரான சாதாரண மாடல், உள்ளே ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் மாற்றிக் கட்டுவதில் எந்த இழப்பும் இல்லை. அந்தக் காரை ஒரிஜினலாகத் திருப்ப ஆகும் செலவுக்கு அதே மாடலில் முழுமையான ஒன்றை வாங்கிவிடலாம். இப்படிப்பட்ட கார்களுக்கு உயிர் கொடுப்பதே மாற்றிக் கட்டும் கலைதான்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவைதான் அதிகம். புதிதாக வருபவர்களுக்கு எங்கள் பரிந்துரை, திரும்பக் கழற்றிவிடக்கூடிய மாற்றங்களோடு நிறுத்திக்கொள்வது. எலக்ட்ரானிக் இக்னிஷன், ஆல்டர்னேட்டர், ஹெட்லைட்டுக்குத் தனி ரிலே, மூன்று முனை சீட் பெல்ட், ரேடியல் டயர், இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர். இவை இருக்கும் ஓட்டைகளிலேயே போல்ட் போட்டு மாட்டக்கூடியவை, சீட் பெல்ட்டின் மேல் முனைக்கு மட்டும் சில கார்களில் பலப்படுத்திய தகடு வைக்க வேண்டும். பாதுகாப்பு கணிசமாக உயரும், காரின் முகம் மாறாது. ரேடியலையும் பழைய கிராஸ் பிளை டயரையும் ஒரே காரில் கலக்காதீர்கள்.

ஒரு மாற்றம் இன்னொன்றை இழுக்கும்

முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வைப்பது எளிய வேலைபோலத் தெரியும். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் குழாயில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் சிறிய வால்வு இருக்கும். அதை எடுக்காமல் டிஸ்க் மாட்டினால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே சூடாகும். மாஸ்டர் சிலிண்டரின் துளை அளவும் மாற வேண்டும், பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளாமல் இருக்க அழுத்தம் பிரிக்கும் வால்வு வேண்டும், காலிப்பர் உள்ளே அடங்கும் ரிம்மும் வேண்டும்.

பெரிய இன்ஜின் என்றால் சங்கிலி இன்னும் நீளம். முன் ஸ்பிரிங், கிளட்ச், கியர் பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் நீளம், பின் ஆக்சில் பல் விகிதம், ரேடியேட்டர், எக்சாஸ்ட், பெட்ரோல் பம்ப், பிரேக் எல்லாம் வரிசையில் நிற்கும். ஸ்டீயரிங் ராடு ஆயில் சம்பில் இடிக்கிறதா என்பதை இன்ஜினை வாங்கும் முன் அளந்து பாருங்கள். இன்ஜின் விலையை மட்டும் கணக்குப் போட்டுத் தொடங்கிய வேலைகள்தான் பாதியில் நிற்கின்றன. முழுப் பட்டியலையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் விலை கேட்டு, மொத்தத்தோடு மூன்றில் ஒரு பங்கு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கை வெட்டினால் டிரைவ் ஷாஃப்ட் கோணமும் சக்கரம் மேலேறும்போது திரும்பும் கோணமும் கெடும். கூரையைத் தாழ்த்தும் வேலையைப் புதியவர்கள் தொடவே வேண்டாம். தூண்கள் சாய்வாக இருப்பதால் கூரையை இறக்கும்போது முன்னும் பின்னும் பொருந்தாது, கூரையையே நீட்ட வேண்டும். இரண்டு கண்ணாடித் தாள் ஒட்டிய லாமினேட்டட் கண்ணாடியை வெட்டலாம். டெம்பர் செய்த கண்ணாடியை வெட்டவே முடியாது, பொடிப்பொடியாகிவிடும்.

சாதாரண மாடலை உயர்ந்த மாடலின் தோற்றத்துக்கு மாற்றினால் அதை விற்பனைப் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பது உங்கள் கடமை.

கழற்றியதை வைப்பது

கழற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் ஸ்க்ரூக்களோடு தனிப் பை, மேலே பெயரும் தேதியும், கூடவே கழற்றும் முன் எடுத்த படத்தின் எண். ஒரிஜினல் இன்ஜினைத் தனியாக வைப்பதென்றால் ஆயில் நிரப்பி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, பிளக்குகளை மாட்டி, கார்புரேட்டர், எக்சாஸ்ட் வாய்களைத் தகடு வைத்து மூடி, தரையில் படாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை கையால் இரண்டு சுற்று சுற்றி, வேறு நிலையில் விடுங்கள். இன்ஜின் நம்பரின் படம், பழைய பதிவுச் சான்று, பில்டு ஷீட், நீங்கள் செய்த மாற்றங்களின் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, கார் கைமாறும் நாளில் இன்ஜினோடும் பைகளோடும் சேர்த்துக் கொடுங்கள்.